வயசான நாய்க்கு கிட்னி பழுதாம், சட்டியில என்னத்தைப் போட்டு அவிக்கிறது? (பூனை வளர்க்கிறவையும் வாங்கோ)

இரணைமடுக்காரி
ஓகஸ்ட் 3, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீமனுக்கு இப்ப 11 வயசு, செப்பேர்ட்டும் நாட்டு நாயும் கலந்தவன். 24 கிலோ இருந்தவன் இப்ப 20. ரண்டு மாசமா கிணத்தடி வாளியில வாயை வைச்சா எடுக்கிறானே இல்லை, அவ்வளவு தண்ணி. இரவில நாலு தரம் எழுப்பி வெளியில விடச் சொல்லுறான், விடியப்புறத்தில மஞ்சள் நுரையாச் சத்தி எடுக்கிறான், வாயைத் திறந்தா மூத்திர மணம் மாதிரி ஒரு மணம். வயசு போட்டுது எண்டு நினைச்சு இருந்திட்டம், அதுதான் எங்கட பிழை. போன கிழமை வவுனியாவுக்கு ஆட்டோ பிடிச்சுக் கொண்டு போய் ரத்தம் எடுத்தது. கிறியற்றினின் (கிட்னி ரத்தத்தில இருந்து கழிக்க வேண்டிய ஒரு கழிவு) 3.1, பொஸ்பரசும் கூட எண்டு சொன்னவை. சேலைன் ஏத்தி மருந்தும் தந்து, இனிச் சாப்பாடுதான் முக்கியம், கிட்னிக்கெண்டு விக்கிற சாப்பாடு குடுங்கோ எண்டு சொல்லிச்சினம்.

கிளிநொச்சியில நான் கேட்ட கடையொண்டிலயும் அந்தச் சாப்பாடு இல்லை. கொழும்பில இருந்து பஸ்ஸில எடுப்பிக்கலாம், ஆனால் மாசம் மாசம் அந்தக் காசுக்கு எங்களிட்ட வழியில்லை. அவனுக்கு மெலிவு எண்டு நான் இவ்வளவு நாளும் சிவப்பரிசிச் சோத்தோட கோழி ஈரலும் நெத்தலிக் கருவாட்டுத் தலையும் போட்டுக் குடுத்தனான். ஈரல் ரத்தம் ஊறும் எண்டுதானே. இப்ப அதுவே பிழையோ எண்டு பயமாக் கிடக்கு. வீட்டில சமைச்சுக் குடுக்க ஏலுமோ, என்னத்தைப் போடலாம், என்னத்தை விடோணும்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பரந்தன்_பிள்ளை
ஓகஸ்ட் 3, இரவு 9.31

அக்கா கருவாட்டை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. மற்றதைத் தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லுவினம்.

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 3, இரவு 10.47

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை, கால்நடைப் போதனாசிரியரா வேலை செய்து ஓய்வெடுத்தவன். மாடு ஆடுதான் கூட, ஆனால் நாய் பூனையும் நிறையப் பாத்திருக்கிறன். நான் எழுதுறதை அந்த டொக்டரிட்ட ஒருக்காக் காட்டிப்போட்டுச் செய்யுங்கோ.

முதல்ல ஈரலையும் கருவாட்டையும் பற்றி. கிட்னி பழுதான நாய்க்குப் பெரிய எதிரி பொஸ்பரஸ். நல்ல கிட்னி அதை மூத்திரத்தோட வெளியில தள்ளிப்போடும், பழுதானது தள்ளாது, ரத்தத்தில தேங்கி மிச்சம் இருக்கிற கிட்னியையும் அரிச்சுக்கொண்டு போகும். பொஸ்பரஸ் கூட இருக்கிறது எலும்பு, முள்ளோட தின்னுற சின்ன மீன், கருவாடு, ஈரல், பால், முட்டை மஞ்சள் கரு. பாத்தீங்களே, நீங்கள் அன்பில தெரிஞ்செடுத்துக் குடுத்தது எல்லாம் அந்தப் பட்டியல்லதான் நிக்குது. இதுக்காக மனசு உடையாதேங்கோ, மெலிஞ்ச நாயைக் கண்டா எல்லாரும் ஈரல்தான் குடுப்பம். சிவப்பரிசியிலயும் தவிட்டில பொஸ்பரஸ் இருக்கு, எங்களுக்கு நல்ல சத்தான அரிசி, அவனுக்கு இப்ப தீட்டின வெள்ளைப் பச்சையரிசிதான் நல்லம்.

இறைச்சியை ஒரேயடியா நிப்பாட்டச் சொல்லி யாரும் சொன்னா கேக்காதேங்கோ. புரதம் குறையோணும், இல்லாமப் போகக்கூடாது, இல்லாமப் போனா தன்ர தசையையே கரைச்சுத் தின்னத் தொடங்கும், ஏற்கெனவே 4 கிலோ போட்டுது. முட்டை வெள்ளைக் கரு கிட்னிக்காரனுக்குக் கிடைச்ச வரம், நல்ல புரதம், பொஸ்பரஸ் இல்லை எண்டே சொல்லலாம், முட்டையின்ர பொஸ்பரஸ் முழுக்க மஞ்சளுக்கதான். கோழி போடுறதெண்டா எலும்பை எடுத்துப்போட்டு சின்னதா வெட்டி நிறையத் தண்ணியில அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திப்போடுங்கோ, பொஸ்பரசில ஒரு பங்கு தண்ணியோட போயிடும். எலும்புச் சூப் வேண்டவே வேண்டாம்.

20 கிலோ நாய்க்குச் சும்மா படுத்துக் கிடக்கவே 660 கலோரி கிட்ட வேணும், நடமாடுறதையும் சேத்தா 900 வரைக்கும் போகும். புரதத்தைக் குறைச்ச இடத்தை சோத்தாலயும் கொஞ்சம் கொழுப்பாலயும் நிரப்போணும், அதால கோழித் தோலைக் கழிக்காதேங்கோ (முந்தி கணையம் வீங்கி வருத்தம் வந்த நாயெண்டா மட்டும் கொழுப்பு ஆபத்து). பூசணி, போஞ்சி, கரட் கொஞ்சம். உப்பு வேண்டாம்.

கல்சியம் கட்டாயம். சோறும் இறைச்சியும் மட்டும் போட்டா கல்சியம் இல்லவே இல்லை. முட்டைக் கோதைக் கழுவி அவிச்சு வெயில்ல காயவிட்டு மா மாதிரி அரைச்சு வையுங்கோ, ஒரு தேக்கரண்டித் தூளில 2 கிராம் கல்சியம் கிட்ட இருக்கும், சாப்பாட்டோட சேரேக்க அது சாப்பாட்டில இருக்கிற பொஸ்பரசையும் பிடிச்சுக்கொண்டு மலத்தோட போகும். ஆனால் வீமனுக்கு எவ்வளவு எண்டதை ரத்த ரிப்போட் பாத்த டொக்டர்தான் சொல்லோணும்.

கடைசியா ஒண்டு. மீன் எண்ணெய் குளிசை கிட்னிக்கு நல்லம், அதை வாங்கப் போய் மீன் ஈரல் எண்ணெயை வாங்கிப்போடாதேங்கோ, பேர் கிட்டக் கிட்ட இருக்கும், ஈரல் எண்ணெயில விற்றமின் ஏயும் டியும் அளவுக்கு மிஞ்சி இருக்கு. தண்ணியை ஒரு நாளும் மட்டுப்படுத்தாதேங்கோ, இரவில எழுப்புறான் எண்டு வாளியைத் தூக்கி வைச்ச வீடுகளை நான் கண்டிருக்கிறன், அந்த நாய்கள் கெதியாச் செத்துப்போட்டுதுகள்.

நெடுங்கேணியான்
ஓகஸ்ட் 4, காலை 6.20

எங்கட அப்பு காலத்தில நாய்க்கு எண்டு ஆர் சமைச்சது? வீட்டில மிஞ்சின சோறும் கறியும் குழைச்சுச் சிரட்டையில வைச்சா திண்டிட்டு காட்டுக்க வேட்டைக்கும் வந்துதுகள். கிட்னியும் இல்லை சீனியும் இல்லை. தங்கச்சி, இறைச்சியை அடியோட விட்டுப்போட்டு சோத்துக்க நாலு பல்லு உள்ளியும் வேப்பிலையும் இடிச்சுப் போட்டுக் குடுங்கோ, ரத்தம் சுத்தமாகும். நான் என்ர நாயளுக்கு அதுதான்.

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 4, காலை 7.55

தம்பி, உம்மட நாயளில உமக்கிருக்கிற அக்கறையில எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளி, வெங்காயம், லீக்ஸ் இந்தக் குடும்பம் முழுக்க நாய் பூனைக்கு நஞ்சு. சிவப்பு ரத்த அணுவை உடைக்கும், ரத்தம் சுத்தமாகாது, ரத்தம் இல்லாமப் போகும். அவிச்சாலும் பொரிச்சாலும் காயவைச்சு இடிச்சாலும் நஞ்சு போகாது. நாய்க்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 15 கிராம் வெங்காயத்தில இருந்து தொடங்கி ரத்தத்தில மாற்றம் தெரியும், பூனைக்கு 5 கிராமே காணும். உள்ளி வெங்காயத்தை விடக் கடுமை. ஒரு நாள் குடுத்தா ஒண்டும் தெரியாது, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாப் போனா முரசு வெளிறி நாய் சோர்ந்து படுக்கும், எங்கட ஊரில அப்பிடிப் படுத்தா உண்ணிக் காய்ச்சல் எண்டு நினைச்சிடுவம்.

அப்பு காலத்தில நாய் 6, 7 வயசில போனா அதின்ர காலம் முடிஞ்சுது எண்டு புதைச்சம், ஏன் எண்டு பாக்கேல்லை. பிறகு அந்த நாயள் காட்டில பிடிச்சதையும் சேத்துத்தான் திண்டவை, சிரட்டைச் சோறு மட்டும் இல்லை. இண்டைக்கு நாங்கள் கட்டி வைச்சு வளர்க்கிறம், நாங்கள் வைக்கிறதைத் தவிர அதுக்கு வேற வழியில்லை.

நெடுங்கேணியான்
ஓகஸ்ட் 4, பகல் 12.03

வெங்காயக் கறி குழைச்சுத்தானே இவ்வளவு நாளும் குடுத்தது ஐயா. கறுப்பிக்குப் போன வருசம் முரசு வெள்ளையாத்தான் இருந்தது, உண்ணிக் காய்ச்சல் எண்டு ஊசி போட்டது. இண்டையில இருந்து கறி குழைக்கிறதை விடுறன்.

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 4, பகல் 1.15

உண்ணிக் காய்ச்சலாவும் இருந்திருக்கலாம் தம்பி, இஞ்ச அது நிறைய. உண்ணி மருந்தையும் விடாதேயும். கறிக்கு உள்ளி வெங்காயம் போட முதல் ஒரு துண்டு மீனோ இறைச்சியோ எடுத்துத் தனிய அவிச்சு வையும், அவ்வளவுதான் வேலை.

வற்றாப்பளை_பூனைவீடு
ஓகஸ்ட் 4, இரவு 8.40

பூனை வளர்க்கிறவையும் வரச் சொன்னதால எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு ராசு எண்டு ஒரு கடுவன் இருந்தவன். 4 வயசு, நல்ல கொழு கொழு எண்டு, பைக்கற்றில வாற காய்ஞ்ச சாப்பாடு மட்டும்தான் தின்னுவான், தண்ணிக் கோப்பையைத் திரும்பியும் பாக்கமாட்டான். ஒரு சோளகக் காத்து நாள், அடுப்படிச் சாம்பலுக்க போய்க் குந்துறான், முக்குறான், எழும்பிப் போறான், திரும்ப வந்து குந்துறான். அம்மா மலச்சிக்கல் எண்டு ஆமணக்கெண்ணெய் பருக்கினவ. அடுத்த நாள் கத்தினான், அந்தச் சத்தம் இப்பவும் காதுக்க நிக்குது. வயித்தை மெல்லத் தொட்டன், உள்ளுக்க ஒரு தேசிக்காய் மாதிரிக் கல்லா இருந்தது. அது மூத்திரப் பை எண்டு எனக்கு அப்ப தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு இடத்திலயும் ஆள் இல்லை, திங்கள் காலமை கொண்டு போக முதல் செத்துப்போட்டான்.

பிறகுதான் படிச்சன். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில ஊசித் துளை மாதிரி ஒடுக்கம், மூத்திரத்தில உப்பு மணல் படிஞ்சா அடைச்சிடும். அடைச்சா ஒரு நாள், கூடினது ரண்டு நாள்தான், ரத்தத்தில பொட்டாசியம் ஏறி இதயம் நிண்டிடும். பூனையின்ர பூர்வீகம் வறண்ட பாலைநிலம், அதுக்கு இயல்பாவே தாகம் குறைவு, திண்ட எலியின்ர ஈரத்தில சீவிச்ச உயிர். காய்ஞ்ச பைக்கற் சாப்பாட்டில 10 வீதம்தான் தண்ணி, எலியிலயும் அவிச்ச இறைச்சியிலயும் மூண்டில ரண்டு பங்கு கிட்டத் தண்ணி. அந்த வித்தியாசத்தை அது கோப்பையில குடிச்சு நிரப்பாது.

ரண்டாவது கடுவன் சின்னவனுக்கும் போன வருசம் அதே குந்தல். ஒரு மணித்தியாலம் பாக்கேல்லை, மோட்டச்சைக்கிள்ல கூடையோட வவுனியா. குழாய் போட்டு எடுத்தவை, மூத்திரத்தைப் பாத்து ஸ்றுவைற் மணல் எண்டு சொல்லிச்சினம். அந்த வகை மணலைச் சாப்பாட்டாலயே கரைக்கலாமாம், ஒக்சலேற் எண்டு இன்னொண்டு இருக்கு, அது சாப்பாட்டுக்குக் கரையாது. ரண்டுக்கும் சாப்பாடு வேற வேற, அதால மூத்திரத்தைப் பாக்காமல் ஆரோ சொன்னதெண்டு தேசிக்காய்த் தண்ணி, வினாகிரி பருக்காதேங்கோ. கரைக்கிற சாப்பாடு ரண்டு மாசம் கடன்பட்டு வாங்கினன். இப்ப அவிச்ச கோழி, கோழி இருதயம், அதின்ர சூப் தண்ணியோட கூழ் மாதிரி, கிழமையில மூண்டு நாள் ரின்னில வாற பூனைச் சாப்பாடு. தண்ணிச் சட்டி வீட்டில நாலு இடத்தில, சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில இல்லாமல் தள்ளி. சின்னவன் மண்சட்டியில இருக்கிற தண்ணியைத்தான் விரும்பிக் குடிக்கிறான், குளிர்ச்சியா இருக்கிறதாலயோ தெரியாது.

கடுவன் முக்கினா மலச்சிக்கல் எண்டு நினைக்க முதல் மூத்திரம் எண்டு நினையுங்கோ. தயவுசெய்து.

இரணைமடுக்காரி
ஓகஸ்ட் 4, இரவு 9.05

அக்கா வாசிக்கவே நெஞ்சு அடைக்குது. ஒரு கேள்வி, ஐயா வீமனுக்கு அவிச்ச தண்ணியை ஊத்தச் சொன்னவர், நீங்கள் பூனைக்கு அதைச் சேத்துக் குடுக்கிறீங்கள்?

வற்றாப்பளை_பூனைவீடு
ஓகஸ்ட் 4, இரவு 9.22

ஓம், அது வேற கதை. பூனைக்கு டோரின் எண்டு ஒரு சத்து வேணும், நாய் தன்ர உடம்பில தானே செய்துகொள்ளும், பூனைக்குத் தேவையான அளவு செய்ய ஏலாது, இறைச்சியில இருந்துதான் எடுக்கோணும். இறைச்சியை அவிக்க அது தண்ணிக்க இறங்கிடும், தண்ணியை ஊத்தினா டோரினையும் ஊத்தினதுதான். அது குறைஞ்சா கண் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலமில்லாமப் போகும். 1987இல அமெரிக்காவில கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆக்கள் கண்டுபிடிச்சவை, பூனைகளுக்கு இதயம் பழுதாகிச் செத்ததுக்கு டோரின் குறைவுதான் காரணம் எண்டு, அதுக்குப் பிறகு சாப்பாட்டுக் கொம்பனிகள் டோரினைக் கூட்டிப் போட வெளிக்கிட்டுது, அந்த வருத்தமே நல்லாக் குறைஞ்சிட்டுது. அதால சோறும் பருப்பும் குழைச்சு பூனை வளர்க்க ஏலாது. நாய் சமாளிக்கும், பூனை சமாளிக்காது.

என்ர ரண்டுக்கும் கிட்னி நல்லா இருக்கு, அதுதான் சூப்போட குடுக்கிறன். கிட்னி பழுதான பூனையெண்டா டொக்டரோட கதைக்கோணும்.

முல்லைக்கரை
ஓகஸ்ட் 5, காலை 5.48

நாங்கள் கரைவலைக் குடும்பம். பூனையளுக்கு வலையில விழுகிற சூடை, நெத்தலி, சூரைத் துண்டு எல்லாம் பச்சையாத்தான். ஒரு பெட்டைக்கு இப்ப ஒரு கிழமையாத் தலை கீழ தொங்குது, நாடி நெஞ்சில முட்டுது, நடக்கேக்க வெறிகாரன் மாதிரித் தள்ளாடுது. நஞ்சு ஏதும் திண்டிருக்குமோ?

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 5, காலை 6.10

தம்பி இண்டைக்கே கொண்டு போங்கோ, பின்னேரம் எண்டு வைக்காதேங்கோ. நஞ்சாவும் இருக்கலாம், ஆனால் தலை அப்பிடிக் கீழ தொங்குறது பச்சை மீன் மட்டும் தின்னுற பூனையில விற்றமின் பி1 இல்லாமப் போனா வாற குணம். கன மீன்ல பி1ஐ உடைக்கிற ஒரு நொதி இருக்கு, பச்சையாக் குடுக்கக் குடுக்க உடம்பில பி1 முடிஞ்சு மூளை தாக்குப்படும், பிறகு வலிப்பு. ஊசியா பி1 ஏத்தினா சிலதுகள் ஒண்டு ரண்டு நாளிலேயே தலை நிமித்தும். என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள் எண்டதை டொக்டர் கேக்க முதல் நீங்களே சொல்லுங்கோ, அதைச் சொல்லாட்டி அவருக்கு இந்த எண்ணம் வராமலும் போகலாம்.

மீனை அவிச்சா அந்த நொதி செத்துப்போகும். இனி அவிச்சுக் குடுங்கோ, முழுக்க மீனாவும் வேண்டாம். சூரை மாதிரி எண்ணெய் மீனையே நாள்தோறும் குடுத்தா விற்றமின் ஈ குறைஞ்சு தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு மஞ்சளா இறுகி நோகும், தொட விடாது.

முல்லைக்கரை
ஓகஸ்ட் 7, இரவு 7.30

ஐயா, ஊசி போட்டது. நேற்று தலையைப் பாதி தூக்கினது, இண்டைக்குப் படலைக்கு வந்து நிண்டது. கடலோட இருக்கிற எங்களுக்கு மீனில இப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எங்கட வாடியில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.

விசுவமடு_தம்பி
ஓகஸ்ட் 8, பகல் 2.14

3 மாதக் குட்டி, றொட்வீலர் கலப்பு. முன்னங்கால் வளைஞ்சுபோய் நிக்குது, தூக்கினா அழுகுது. சாப்பாடு சோறும் கோழி இறைச்சியும்தான், இறைச்சி நல்லாக் குடுக்கிறன், எலும்பு குத்தும் எண்டு எலும்பைக் குடுக்கிறேல்லை. கல்சியம் சிரப் வாங்கி ஊத்தவோ?

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 8, பகல் 3.40

அவிச்ச எலும்பைக் குடுக்காதது சரி, அது ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் கிழிக்கும். ஆனால் எலும்பை எடுத்த இடத்தில கல்சியத்துக்கு வேற ஒண்டும் வைக்கேல்லை. இறைச்சியில ஒரு பங்கு கல்சியத்துக்கு 15, 20 பங்கு பொஸ்பரஸ், குட்டிக்கு ரண்டும் கிட்டத்தட்டச் சமனா, கல்சியம் கொஞ்சம் கூட இருக்கோணும். சாப்பாட்டில கிடைக்காட்டி உடம்பு ரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தைத் தன்ர எலும்பில இருந்து உருவி எடுக்கும், அதுதான் வளைவும் நோவும். தூக்கி விளையாடாதேங்கோ, கதிரையால பாய விடாதேங்கோ, அந்த எலும்பு இப்ப சுள்ளித் தடி மாதிரி. எக்ஸ்றே எடுத்துப் பாருங்கோ.

சிரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஊத்த வேண்டாம். பெரிய இனக் குட்டிக்குக் கல்சியம் கூடினாலும் மூட்டு கோணலாகும். இந்த வயசுக்காவது பெரிய இனக் குட்டிக்கெண்டு எழுதின பைக்கற் சாப்பாடு வாங்க ஏலுமெண்டா வாங்குங்கோ, வளருற குட்டிக்கு வீட்டுச் சமையல்ல அளவு பிடிக்கிறது மிச்சம் கஷ்டம். அதே டேவிஸ் பல்கலைக்கழகம் 2013இல நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்பைச் சோதிச்சது, 95 வீதத்தில ஏதாவது ஒரு சத்தாவது காணாமல் இருந்தது, அதில டொக்டர்மார் எழுதினதும் அடங்கும். பூச்சி மருந்தும் பாத்துக் குடுங்கோ.

வவுனியா_லாபி
ஓகஸ்ட் 9, இரவு 10.02

எங்கட லாப்ரடோருக்கு 6 வயசு, 43 கிலோ. மூட்டு நோ எண்டு போனா, டொக்டர் மருந்தை விட உடம்பைக் குறைக்கச் சொல்லித்தான் கூடக் கதைச்சவர். பாவம், பசியோட பாக்கிறான், அதைத்தான் தாங்க ஏலாமக் கிடக்கு. பின்னேரம் தேத்தண்ணி நேரம் பிஸ்கற் குடுக்காட்டி குரைச்சுக் கேப்பான்.

வற்றாப்பளை_பூனைவீடு
ஓகஸ்ட் 9, இரவு 10.25

பிஸ்கற்றுக்குப் பதிலா வெள்ளரித் துண்டு, அவிச்ச போஞ்சி, கரட் குடுத்துப் பாருங்கோ. லாப்ரடோர் கேக்கிறது பெரும்பாலும் பசியில இல்லை, அந்த இனத்தின்ர குணம். 48 லாப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியா வளர்த்து, சோடியில ஒண்டுக்கு மற்றதை விட 25 வீதம் குறைவாச் சாப்பாடு குடுத்து வாழ்நாள் முழுக்கப் பாத்த ஆராய்ச்சி ஒண்டு இருக்கு, 2002இல வெளிவந்தது. குறைவாத் திண்டதுகள் நடு அளவில 13 வருசம், மற்றதுகள் 11.2 வருசம். மூட்டு வருத்தமும் பிந்தித்தான் வந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை, தடவினா விரலுக்குத் தட்டுப்படோணும், அதுதான் அளவு.

ஆனால் இதை வாசிக்கிற பூனைக்காரர் பூனையை இப்பிடிப் பட்டினி போடாதேங்கோ. கொழுத்த பூனை ரண்டு மூண்டு நாள் சாப்பிடாட்டி உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலுக்க போய் அடைஞ்சு மஞ்சளாகிச் சாகும். பூனைக்கு மெல்ல மெல்ல, மாசக் கணக்கில.

செட்டிகுளம்_அம்மா
ஓகஸ்ட் 10, காலை 9.17

எங்கட பொமேரியன் பெட்டைக்குச் சீனி வருத்தம். சோத்தை விட்டுக் குரக்கன் பிட்டு குடுக்கிறன், இன்சுலின் போடாமச் சாப்பாட்டிலயே கட்டுப்படுத்தலாமோ பிள்ளையள்? ஊசி போடக் கை நடுங்குது.

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 10, காலை 11.30

ஏலாது அம்மா. பூனையில சிலதுக்கு இன்சுலினோட மாப்பொருள் குறைஞ்ச சாப்பாடும் குடுத்தா பிறகு ஊசி இல்லாமலே இருக்கிற நிலை வரும், நாய்க்கு அப்பிடி வாறது மிச்சம் அரிது, ஊசி சீவியம் முழுக்க. குரக்கன் நார்ச்சத்துக்கு நல்லம்தான், ஆனால் அதை விட முக்கியம் ஒவ்வொரு நாளும் அதே சாப்பாடு, அதே அளவு, 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அதே நேரம், சாப்பிட்டதைப் பாத்து ஊசி. அண்டைக்குச் சாப்பிடாட்டி முழு ஊசியையும் போடாமல் டொக்டருக்கு எடுங்கோ, சீனி விழுந்து மயங்கிடும். ஊசி மெல்லிசு, கழுத்துத் தோலைத் தூக்கிப் போட அவளுக்குத் தெரியவும் மாட்டுது. முதல் பத்து நாள்தான் கை நடுங்கும்.

பரந்தன்_பிள்ளை
ஓகஸ்ட் 12, இரவு 8.50

ஐயா நானும் ஒண்டு கேக்கிறன். நாய்க்கு ஓயாத சொறி, கோழி ஒத்துக்கொள்ளேல்லை எண்டு ஒருத்தர் சொல்ல கோழியை நிப்பாட்டி ஒரு மாசம், குறையேல்லை. வாலடியில மயிர் முழுக்கப் போட்டுது.

மல்லாவி_போதனாசிரியர்
ஓகஸ்ட் 12, இரவு 9.33

வாலடி எண்டா முதல்ல தெள்ளு. எங்கட புழுதிக்கும் வெக்கைக்கும் தெள்ளும் சொறிப் பூச்சியும்தான் கூட, சாப்பாட்டு ஒவ்வாமை அதை விடக் குறைவு. மருந்து போடுங்கோ, படுக்கிற சாக்கையும் வெயில்ல போடுங்கோ. பூனையும் வீட்டில இருந்தா நாய் மருந்தைப் பூனைக்குப் பூசாதேங்கோ, சிலது பூனையைக் கொண்டுபோடும், வேப்பெண்ணெயும் அப்பிடித்தான், பனடோலும் அப்பிடித்தான். அதெல்லாம் செய்தும் குறையாட்டி, முந்தி ஒரு நாளும் தின்னாத இறைச்சி ஒண்டும் ஒரு கிழங்கும் மட்டும் 8 கிழமை. நடுவில ஒரு துண்டு பிஸ்கற் குடுத்தாலும் திரும்ப ஒண்டில இருந்து எண்ணோணும்.

இரணைமடுக்காரி
ஓகஸ்ட் 31, இரவு 9.40

எல்லாருக்கும் வீமன்ர புதினம் சொல்ல வந்தனான். ஐயா எழுதினதை போனில டொக்டருக்கு வாசிச்சுக் காட்டினன், அவர் கோழியின்ர அளவைக் குறைச்சு, கோதுத் தூளுக்கு அளவு சொல்லி, பி விற்றமின் குளிசையும் எழுதித் தந்தவர், மூத்திரத்தோட அது போகுதாம். இப்ப ஒரு நாளைக்கு ஒரு சுண்டு தீட்டின பச்சையரிசி, தோலோட கோழி 75 கிராம் (கடைத் தராசில ஒருக்கா நிறுத்துப் பாத்து இப்ப கை அளவு பழகிட்டுது), ரண்டு முட்டை வெள்ளை, பூசணி ஒரு துண்டு, மீன் எண்ணெய் குளிசை ஒண்டு. மூண்டு நேரமாப் பிரிச்சு. மஞ்சள் கருவை மகன் சாப்பிடுறான்.

முதல் நாலு நாள் மூக்கைக் கிட்டக் கொண்டு வந்திட்டுத் திரும்பிப் போனவன். கருவாட்டு மணத்துக்குப் பழகின பிள்ளை. எனக்கு அழுகை. பிறகு டொக்டர் சொன்ன மாதிரி வாந்திக்குக் குளிசை முதல் குடுத்து, அரை மணித்தியாலம் கழிச்சு சோத்தை இளஞ்சூடாக்கிச் சட்டி மூடியில கொஞ்சமா வைச்சு, பக்கத்தில குந்தி இருந்தன். வெள்ளைக் கருவைப் பொறுக்கித் திண்டான், பிறகு பூசணி, பிறகு மூடியை மூக்கால தள்ளிக்கொண்டு முற்றத்தில வேப்ப மரத்தடி மட்டும் போனான் நக்கி நக்கி. இப்பவும் கோப்பையில வைச்சா வேண்டாம், அந்த மூடிதான் வேணும்.

போன வியாழன் திரும்ப ரத்தம் எடுத்தது. கிறியற்றினின் 2.7, பொஸ்பரஸ் இறங்கிட்டுது. சுகமாகாது, போன கிட்னி திரும்ப வராது எண்டு டொக்டர் நேராவே சொன்னவர், இப்பிடியே வைச்சிருக்கலாம் எண்டும் சொன்னவர். எடை 20.6. விடியச் சத்தி இல்லை. இரவில ரண்டு தரம்தான் எழுப்புறான்.

டொக்டர் இன்னொண்டும் கேட்டவர், எலிக்காய்ச்சல் ஊசி எப்பவாவது போட்டதோ எண்டு. போடேல்லை. வயல் விதைக்கிற காலத்தில வரம்பு முழுக்க அவன் எங்களோடதான் திரியிறவன், அந்தத் தண்ணியில எலி மூத்திரம், அதுவும் கிட்னியைத் தாக்குமாம். பக்கத்து வீட்டுக் குட்டியளுக்கு வாற மாதம் போடுவிக்கிறம், மழை தொடங்க முதல்.

நெடுங்கேணியான்
ஓகஸ்ட் 31, இரவு 10.11

சந்தோசம் தங்கச்சி. கறுப்பிக்கும் இப்ப முரசு சிவந்து வருகுது. அந்தக் கோதுத் தூளை அம்மியில அரைச்சனீங்களோ, மிக்சியிலயோ? எனக்கு மணல் மாதிரி நறுநறு எண்டு வருகுது.

இரணைமடுக்காரி
ஓகஸ்ட் 31, இரவு 10.19

மிக்சியில அண்ணை, நல்லாக் காய்ஞ்சாத்தான் மாவா வரும். ரண்டு வெயில் காட்டுங்கோ, பிறகு தேத்தண்ணி வடியில அரிச்சு எடுங்கோ.